ஒரு பிகோனியாவும் என் ஆலோசனையும்

எழுத்தாளனைத் தேடி வாசகர்கள் வருவதுண்டு. கையெழுத்து கேட்பார்கள். இல்லை, தான் எழுதிய கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். என்னைத் தேடி வந்தவர் ஒரு செத்த செடியைக் கொண்டுவந்தார்.

ஆறு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் வெள்ளை வேட்டியும் ஒயர் கூடையுமாக ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார். பெயர் நாச்சிமுத்து. ஊர், நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். முன்பு போர்வெல் ரிக் லாரியோடு ஆந்திரா, மகாராஷ்டிரம் என்று சுற்றியவர். இப்போது கோழிப் பண்ணை. ஜங்ஷன் பக்கத்து டீக்கடைகளில் என் பெயரைச் சொல்லி விசாரித்தே வீட்டைக் கண்டுபிடித்தாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே திரும்பி, காப்பி என்று சத்தமாகவே குரல் கொடுத்தேன்.

கூடையிலிருந்து அவர் முதலில் எடுத்தது நான்காக மடித்த ஒரு தாள். இந்தப் பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இதே பத்திதான், அழகாகக் கத்தரித்து வைத்திருந்தார். அடுத்து எடுத்தது செடி. செடி என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன்... ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஈர மண், நடுவில் கறுத்துப்போன தண்டு, சுருண்ட இலை இரண்டு. பிகோனியா. பூவுக்காக இல்லாமல் இலையின் நிறத்துக்காகவே வீட்டுக்குள் வைப்பார்களே, அது.

அந்தப் பத்தி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 'புதிதாக வாங்கிய செடிக்குத் தொட்டி மாற்றுவது எப்படி?' என்று விளக்கியிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் எழுத விஷயமே கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஜங்ஷன் ஆர்.எம்.எஸ். தபாலில் சேர்த்தாக வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் ஒரு பூந்தொட்டி தெரிந்தது. போதாதா?

தொட்டியைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம், தவறினால் உடையும் என்பதுதான். ஆனாலும் எழுதினேன். வாங்கிய அன்றே தொட்டி மாற்றுங்கள் — பழைய மண்ணைச் சுத்தமாக உதறுங்கள் — தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது — புத்தம் புது எருவைத் தாராளமாகப் போடுங்கள் — நல்ல வெயில், இரண்டு வேளைத் தண்ணீர். எங்கும் பேனா தயங்கவே இல்லை. தெரியாத விஷயம் என்றால் எனக்கு நடை நன்றாக வந்துவிடும்.

நாச்சிமுத்து அதில் ஒரு வரியைக்கூட விடவில்லை. பெரிய தொட்டிக்கு, ரிக் லாரிக் காலத்து டீசல் பேரலைப் பாதியாக வெட்டியிருக்கிறார். எருவுக்குப் பஞ்சமா? பண்ணையிலிருந்து அன்றைய கோழி எருவே இரண்டு கூடை. அத்தனைக்கும் நடுவில், விரல் நீளச் செடி. அது எட்டு நாள் தாங்கியதே பெரிது.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் அப்படி. புது லாரி வாங்கினால், வெறும் சேஸிஸை முதலில் ஓட்டிக்கொண்டு போவது பாடி கட்டும் பட்டறைக்குத்தான். புதுப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்ட வேண்டும். ஆபீசுக்குப் புது மேனேஜர் வந்தால், முதல் நாளே எல்லோருடைய மேஜையும் திசை மாறும். வந்தது எதுவாக இருந்தாலும் அதை வந்தபடியே நாலு நாள் விட்டுவைக்க நமக்குக் கை வராது.

அவர் கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். கோபக்கார வாசகர்களுக்கு என்னிடம் தயாராகப் பதில் உண்டு. இவரோ, பரீட்சையில் தவறிய பையன் வாத்தியாரிடம் வந்து நிற்பதுபோல் நின்றார்.

"நீங்க எழுதுனபடியேதானுங்க செஞ்சேன். எந்த எடத்துல தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கறேன்."

என் கையிலிருந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு செடிக்காக இவ்வளவு தூரமா என்று கேட்டுவைத்தேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன். ஆனால் அவர் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். ஒரே மகள், பெயர் கலாமணி. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் வளர்ந்த வருடங்களில் பாதி நாள் இவர் ரிக் லாரியோடு வெளி மாநிலத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்தாலும் மகள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மா பக்கம் போய்விடுவாள். போன லீவில் வந்தவள் வழியில் இந்தச் செடியை வாங்கி வந்திருக்கிறாள். திரும்பிப் போகும்போது அம்மாவிடம் கொடுக்காமல், இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"பொங்கலுக்கு வாரேன், அப்ப இது இருக்கோணும்ப்பான்னு சொல்லுச்சுங்க. என்னைய நம்பி எம்புள்ள ஒண்ணு குடுத்தது இதுதானுங்க மொதல்ல."

அவள் கிளம்பிய மறுநாள் பத்திரிகை வந்திருக்கிறது. 'வாங்கிய அன்றே' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, ஏற்கெனவே தாமதமாகிவிட்டதே என்று பதறி, அன்று மத்தியானமே பேரலை வெட்டியிருக்கிறார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமான வெட்கம்.

இந்த நேரத்தில் என் மனைவி பாக்கியம் காலி டம்ளரை எடுக்க வந்தாள். என் பத்தியைப் படிக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. நீங்கள் வீட்டில் பேசுவதே போதும் என்பாள். செடியைப் பார்த்ததும் டம்ளரை மறந்து தரையில் உட்கார்ந்தாள். பையைப் பிரித்தாள், மண்ணை முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, புதுசா வந்த செடியை ஒடனே மாத்தச் சொன்னது யாருங்க?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

பாக்கியம் அவருக்கு விளக்கியதை நானும் மாணவனாக நின்று கேட்டேன். எங்கேயோ மலையில் நிழலில் வளர்ந்து, பஸ்ஸில் குலுங்கி வந்த செடி. புது இடத்து வெயிலும் காற்றும் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை வந்த பையிலேயே நிழலில் வைத்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பைக்கு அடியில் வேர் எட்டிப் பார்க்கும்போது மாற்றினால் போதும். தொட்டி இரண்டு விரற்கடை பெரிதாக இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சின்ன வேர் குடிக்க முடியாத தண்ணீர் தேங்கி அழுகலில் முடியும். மண்கட்டியை உடைக்காமல், வெயில் தாழ்ந்த பிறகு மாற்ற வேண்டும். எரு மக்கியதாக ஒரு கைப்பிடி. கோழி எருவோ, புதிதாக இருந்தால் வேரைச் சுட்டுவிடும்.

"அது எனக்கே தெரியுமுங்க," என்றார் நாச்சிமுத்து மெதுவாக. "தென்னைக்கே மக்க வெச்சுத்தானுங்க போடுவோம். படிச்சவிய எழுதியிருக்காங்க, இந்தச் செடிக்கு வேற கணக்காட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

தென்னந்தோப்பு அனுபவத்தை அரைப் பக்க அச்சு தோற்கடித்திருக்கிறது. அச்சில் வந்ததாலேயே அது உண்மை என்று நம்பும் ஒரு நல்ல மனிதரை வைத்துக்கொண்டு, நான் பக்கத்தை நிரப்பியிருக்கிறேன்.

பாக்கியம் அழுகிய வேரையெல்லாம் கிள்ளி எறிந்தாள். மிச்சமிருந்தது கட்டைவிரல் அளவுக் கிழங்கு. அழுத்திப் பார்த்தாள், ஒரு பக்கம் இன்னும் கெட்டியாக இருந்தது. பின்கட்டுக்குப் போய் ஒரு சின்னத் தொட்டியும் மணல் கலந்த மண்ணும் எடுத்து வந்தாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயடிச் சுவர் நெடுக வரிசையாகப் பதினோரு தொட்டிகள். இத்தனை நாளும் அங்கேதான் இருந்தனவாம். எதிர்வீட்டு மாடி வரை போன என் பார்வை, சொந்த வீட்டுக் குழாயடிக்குப் போகவில்லை.

பிழைக்குமா என்று நாச்சிமுத்து கேட்டார். தெரியாது என்றாள் பாக்கியம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. பொங்கல் வரை தினமும் பாருங்கள், ஆனால் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

இந்த வாரம் இன்லண்ட் லெட்டர் வந்தது. என் விலாசம், ஆனால் பெயர் பாக்கியத்தம்மாள். கிழங்கில் எட்டணா அகலத்துக்கு ஓர் இலை வந்திருக்கிறதாம். பொங்கலுக்கு வந்த மகளிடம் பேரல், எரு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வெட்டிய பேரலைப் போய்ப் பார்த்துவிட்டு அவள் நெடுநேரம் சிரித்தாளாம். அப்புறம் அப்பாவும் மகளும் அந்த ஓர் இலை முன்னால் உட்கார்ந்து, ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்களாம். ஹாஸ்டலுக்குத் திரும்புமுன் இன்னொரு செடியும் வாங்கி, அப்பா கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். 'அதை நான் இன்னும் தொடவில்லை' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

கடைசியில் என்னைப் பற்றியும் ஒரு வரி. 'ஐயா இனி செடிகளைப் பற்றி எழுதினால், தாங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பவும்.'

இந்தப் பத்தியைப் பாக்கியம் பார்த்துவிட்டாள். என்னைப் பாராட்டி நான் எழுதியிருந்த இரண்டு பாராக்களைத்தான் காணோம்.