இரண்டு கிலோ குண்டானும் என் ரிப்போர்ட்டும்

குண்டானைப் பார்த்தாலே எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். அந்தத் திமிரில் ஒரு தடவை செய்த காரியத்தை, நன்கொடைக்கு முன்னால் விசாரிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் தொழிலாளர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பணம் போட்டு ஏதாவது ஓர் இல்லத்துக்கு உதவுவார்கள். அந்த வருஷம் மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு குழந்தைகள் இல்லம் மனு கொடுத்திருந்தது. அறுபது பிள்ளைகள், போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது, தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ரிஜிஸ்ட்ரேஷன், வரிவிலக்குக்கான 80ஜி, ஆடிட் ரிப்போர்ட் எல்லாம் சரி. ஆனால் முந்தைய வருஷம் பேப்பரை நம்பி ஓரிடத்தில் ஏமாந்திருந்தோம்.

"பேப்பர யார் வோணா அடிப்பான் பாஸ்கரு. நீ சொல்லாம கொள்ளாம போயி அடுப்பங்கரைய பாத்துகினு வா" என்றார் எங்கள் நன்கொடைக் கமிட்டித் தலைவர் முருகேசன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன். இல்லத்தை நடத்துகிற சகாயமேரி அம்மா, "வாங்க சார், மொதல்ல சாப்புடுங்க" என்றார். நேராக அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். அடுப்பில் இரண்டு கிலோ அரிசி வேகிற குண்டான். கிலோவுக்கு எட்டுப் பேர் என்பது எங்கள் கேன்டீன் கணக்கு. பதினாறு பேருக்குத்தான் வரும். கூடத்தில் பதினாலு பொடிசுகள் உட்கார்ந்திருந்தன. மற்றவர்கள் பள்ளிக்கூடம் போயிருந்தாலும், காலையில் அவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த பெரிய பாத்திரம் எதுவும் அங்கே இல்லையே! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. கேட்டால் கதை விடுவார்கள் என்று எதுவும் கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

'அறுபது பேர் என்பது பொய். பரிந்துரை இல்லை.' இதுதான் என் ரிப்போர்ட்.

சனிக்கிழமை கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் முருகேசன் அதை வாசித்தார். மெஷினை வேறோர் இல்லத்துக்குக் கொடுப்பதாகப் பேச்சு ஆரம்பித்தபோது, அசெம்பிளி லைன் தேவி எழுந்தாள். ஆறு வருஷமாக எங்கள் கேன்டீனில் சாப்பிடுகிற பெண். அதிகம் பேசமாட்டாள்.

"இன்னா சார் இப்டி எழுதிகீறீங்க? பெரிய புள்ளைங்கல்லாம் மத்தியானம் ஸ்கூல்ல சத்துணவு துன்னுதுங்க. சாயங்காலம்தான் பெரிய அண்டா ஏறும்."

"ஒனக்கு எப்டிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"நா அங்கதான் சார் வளந்தேன். மூணு வயசுலேர்ந்து."

என் பிள்ளைகள் இரண்டும் பிரைவேட் ஸ்கூல். காலையில் டிபன் பாக்ஸ் கட்டியே பழகிய வீடு. சத்துணவு என்று ஒன்று இருப்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. கேன்டீன்காரனாம் நான்!

அன்று சாயங்காலமே திரும்பப் போனேன். கொல்லையில் விறகடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், அறுபது தட்டு. சகாயமேரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க வந்து பாத்தது தப்பே இல்ல சார். எல்லாரும் பாக்கணும். என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரிப்போர்ட்டை மாற்றி எழுதினேன். மெஷின் அந்த மாதமே போய்ச் சேர்ந்தது.

அந்தக் கூட்டம் முடிந்த திங்கட்கிழமை கேன்டீன் வரிசையில், பரிமாறுகிறவர் தேவியின் தட்டில் கூடுதலாக ஒரு முட்டை வைத்தார்.

"இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். அவர் சாம்பாரைக் கிளற ஆரம்பித்தார். முட்டையை எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் வைத்துவிட்டு அவள் போய் உட்கார்ந்தாள். இல்லத்தில் வளர்ந்ததை ஆறு வருஷம் அவள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தாள்; அது ஒரே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது.

கொடுப்பதற்கு முன்னால் கட்டாயம் விசாரியுங்கள். பேப்பரைப் பாருங்கள், அடுப்பங்கரைக்கும் போங்கள். சந்தேகம் வந்தால் அதை அவர்களிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு, அந்தப் பெண் நாற்பது பேர் முன்னால் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.