கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்

நூலகத்தில் புத்தகம் இரவல் தரும் மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவருக்கு வாசகர்கள் வைத்த பெயர் முத்திரையக்கா. அவர் தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினால், நாளிதழ் பகுதியில் கண்ணயர்ந்தவர்கள் திடுக்கிட்டு விழிப்பார்கள். மற்றபடி யார் வம்புக்கும் போகாதவர் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். தையல்காரரான அவர் கணவர் மட்டும் அப்படி நினைத்ததில்லை.

ஜன்னலோர மேசையில் வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி, கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பாள். ஆனால் மாதாமாதம் நாலு நாள் ஆளைப் பார்க்க முடியாது. ஒரு மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகும் அவள் எழவில்லை.

"மூடப் போறோம்மா."

"நீங்க முன்னாடி போங்கக்கா. நான் கடைசியா வரேன்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தன் சால்வையை எடுத்து அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினார். ஈரத் துணியால் நாற்காலியைத் தானே துடைத்தார். தெருமுனைவரை கூடவே நடந்தார்.

"வீட்ல மூணு பொண்ணுங்கக்கா. பழைய துணிதான். அத வச்சுக்கிட்டு நாள் முழுக்க உட்கார முடியாது. அதான் அந்த நாலு நாளும் வர்றதில்ல. இன்னிக்கு முன்னாடியே வந்துடுச்சு." கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள்: "போன தடவ ரெண்டு மார்க்ல போச்சு."

அந்த ரெண்டு மார்க் அக்காவை வீட்டில் சாப்பிட விடவில்லை. மறுநாள் வரும் வழியில் கடையில் நாப்கின் பொட்டலங்கள் வாங்கினார். கணினி வந்த பிறகு சும்மா கிடந்த நூற்பட்டியல் மரப்பெட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து, அதில் அடுக்கி, பெண்கள் கழிப்பறையில் வைத்தார்.

இரண்டு வாரத்தில் நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் புகார்க் கடிதம் என்றால் பயந்துவிடுவார். தினமும் நாளிதழ் படிக்க வரும் பெரியவர் ஒருவர் அந்தப் பெட்டியைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்திருந்தார்.

"பெண்கள் கழிப்பறையில என்ன இருக்குன்னு அவருக்கு எப்படி சார் தெரியும்?"

நூலகர் புகார்க் கடிதத்தை மடித்து வைத்தார். "வேண்டாம்னு சொல்லலம்மா. பீரோவுல பூட்டி வைங்க. வேணுங்கறவங்க உங்ககிட்ட கேட்டு வாங்கிக்கட்டும்."

"கேட்க வாய் வந்திருந்தா அந்தப் பொண்ணு ஏன் சார் எழுந்திரிக்காம உட்கார்ந்திருந்தா?"

"நாலு பேர் வந்து போற இடம் இது."

"அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் பொம்பளைங்க."

அறையை விட்டு வந்தவர் நேராகக் கழிப்பறைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தார். எல்லோரும் பார்க்கும்படி இரவல் மேசைமேலேயே வைத்தார். 'கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்' என்று அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டினார். புத்தகம் திருப்ப வந்த பெரியவர், மேசைக்கு முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் நீட்டினார். அக்கா அன்று முத்திரையை இன்னும் பலமாகக் குத்தினார்.

மூன்றாம் நாள், தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கணவரிடம் காட்டினார்.

"வேலைக்கு வேட்டு வச்சிருவாங்களோ?"

"வச்சா வைக்கட்டும்."

அவர் தையல் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினார். "பெட்டி காலியாகப் போகுதுன்னியே. நாளைக்கு நானே வாங்கிட்டு வரேன்."

'வாசகர் நிம்மதியாக உட்கார்ந்து படிக்க வசதி செய்வது என் பணி. செய்தேன்' என்று இரண்டே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார் அக்கா. அதற்குள் செய்தி பரவிவிட்டது. வாசகர் கருத்துப் பதிவேட்டில் முதலில் எழுதியவள் ஜன்னலோரப் பெண். பிறகு ஒரு டீச்சர், பஸ் கண்டக்டர் ஒருத்தி, பள்ளிப் பிள்ளைகள். வருடம் முழுக்க நாலு பக்கம் தாண்டாத பதிவேடு ஒரே வாரத்தில் தீர்ந்தது. புதிது கேட்டு நூலகரிடம் போனார் அக்கா. அவரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி பதிவேட்டை நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார். பெட்டி பூட்டில்லாமல் மறுபடி கழிப்பறையிலேயே இருக்கலாம், இனி நூலகமே வாங்கி நிரப்பும் என்று உத்தரவானது. கூடவே, மேலிடத்துக்கு அடங்கவில்லை என்று அக்காவின் பணிக் கோப்பில் ஒரு கண்டனக் குறிப்பும் ஏறியது.

"பார்த்ததுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று நூலகர் தயங்கித் தயங்கித் தாளை நீட்டினார்.

அக்கா வாங்கிப் படித்தார். 'பார்த்தேன். ஏற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வரிசையில் காத்திருந்தவர்களைக் கவனிக்கப் போனார்.