யார் இடுப்பில் இருக்கிறது?

எங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் வருகைப் பதிவு பார்த்தவள் வெர்னா டீட்ஷ். எவனுடைய காய்ச்சல் நிஜம், எவனுடையது கணக்குப் பரீட்சைக் காய்ச்சல் என்று போனில் குரலைக் கேட்டே சொல்லிவிடுவாள். அம்மா மாதிரிக் குரலை மாற்றிப் பேசும் பெண்களிடம், "சரி கண்ணு, இப்ப நிஜ அம்மாகிட்ட போனைக் குடு" என்பாள். நான் அங்கே சமையலறையில் இருந்தேன். மதியக் கூட்டம் அடங்கியதும் என்னிடம் வந்துதான் சாப்பிடுவாள்.

ஒஹாயோ மாநிலத்தின் மேற்கு ஓரம். சுற்றிலும் சோளம், சோயா. கூப்பிட்டால் மாவட்டப் போலீஸ் தலைவர் ஷெரிஃபின் ஆள் வந்து சேர இருபத்திரண்டு நிமிஷம். வேறு ஊர்ப் பள்ளிகளில் புகுந்து சுட்டவர்கள் அதற்குள் எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். அதனால் ஊழியர்கள் சிலருக்கு ரகசியமாகத் துப்பாக்கி கொடுப்பதென்று பள்ளி வாரியம் முடிவெடுத்தது. யார் யார் என்ற பட்டியல் பள்ளிக் கண்காணிப்பாளர் ஹாலிஸ் ஃபென்னருக்கும் ஷெரிஃபுக்கும் மட்டும் தெரியும். வைத்திருப்பவர்களுக்கே ஒருவரையொருவர் தெரியாது. பயிற்சிக்கும் வேறு வேறு வாரம், வேறு வேறு ஊர்.

வெர்னா பெயர் கொடுத்தாள். என்னிடம் இண்டியானாவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றதெல்லாம் பின்னால் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூடிக்கிடந்த ஒரு பழைய பள்ளியில் பயிற்சி. நிஜக் குண்டுக்குப் பதில் சிவப்புச் சாயக் குண்டு. நடத்தியவள் ரோவீனா ஸ்டக்கி, ஓய்வுபெற்ற போலீஸ்காரி. முதல் இரண்டு நாள் மூலை திரும்புவது, கதவு திறப்பது, ரத்தம் நிற்கக் காலைக் கட்டுவது. மூன்றாம் நாள் ஒலிபெருக்கியில் அலறலும் வெடிச்சத்தமும் வைத்து, ஆட்களை ஓடவிட்டு, வெர்னாவை உள்ளே அனுப்பினார்கள். மூலை திரும்பினாள், எதிரே துப்பாக்கியோடு ஒருவன். இரண்டு குண்டு, நெஞ்சில் சிவப்பு.

"யாரைச் சுட்டீங்க?" என்றாள் ரோவீனா.

"துப்பாக்கி வெச்சிருந்தவனை."

"நீங்களும்தான் வெச்சிருக்கீங்க. அவர் இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரா நடிச்சாரு. உங்களை மாதிரியே காப்பாத்த வந்தவரு."

மறுமுறை தேறிவிட்டாள். ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து எதிரே யார் வந்தாலும் கண் இடுப்புக்குப் போனது.

"என்னடி, ஆம்பளைங்க இடுப்பா பாத்துட்டிருக்க? புது மாப்பிள்ளை தேடுறியா?" என்றேன்.

"தேடினா இந்த ஊர்லயா தேடுவேன்?" என்றாள். சிரிக்கவில்லை.

ஒருநாள் பிள்ளைகளைச் சுடப்போகிறவன் இவன்தானோ என்ற சந்தேகம் வந்து நின்றது ஆரின் கெல்பர் மேல். போன வருடம் சேர்ந்த தச்சுவேலை வாத்தியார். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடமாட்டான். கொதிக்கிற வெயிலிலும் தொளதொளச் சட்டையை வெளியே விட்டிருப்பான். காலை ஆறு மணிக்கே வந்து ஒவ்வொரு கதவாகப் பிடியைத் திருகிப் பார்ப்பான்.

"அது உங்க வேலையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆறு மணிக்கு என் பின்னாடியே வர்றது உங்க வேலையா?"

நான்கு மாதம் அவன் போக்குவரத்தைக் கவனித்துவிட்டு ஃபென்னரிடம் போனாள். அவர் மேசைக் காகிதங்களை நேராக்கினார்.

"அவரைப் பத்திக் கவலைப்படாதீங்க, வெர்னா."

"எப்படிச் சொல்றீங்க?"

"சொல்றேன்ல."

அங்கேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அன்றிலிருந்து ஃபென்னரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், காலை பத்தரை இருக்கும். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து பட், பட், பட்டென்று சத்தம். "சுடுறாங்க!" என்று யாரோ ரேடியோவில் கத்தினார்கள். வகுப்புக் கதவுகள் அடைபட்டன. நான் பரிமாறும் ஜன்னலின் கீழே குந்தி, இடுக்கு வழியே எதிரே கூடத்துக் கதவைப் பார்த்தேன்.

இடப்பக்கமிருந்து வெர்னா, கையில் துப்பாக்கி. அவளிடம் துப்பாக்கி இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். வலப்பக்கமிருந்து ஆரின். அவன் கையிலும் இருந்தது.

"கீழ போடு!" இருவரும் ஒரே நேரத்தில்.

அவன் துப்பாக்கி முனை கூடத்துக் கதவைப் பார்த்திருந்தது. மெல்ல அவள் பக்கம் திரும்பி, பாதியில் நின்றது. அவள் முனை அவன் மேலேயே இருந்தது.

"நான் ஸ்டாஃப்! பட்டியல்ல இருக்கேன்!" என்று கத்தினான்.

"நானும்தான்டா!"

இரண்டு முனையும் தரைக்கு இறங்கின. கூடத்துக் கதவைத் திறந்து விளையாட்டு வாத்தியார் தலையை நீட்டினார். முகம் வெளுத்திருந்தது. "மேசைங்க... மடக்கு மேசை அடுக்கின வண்டி சாஞ்சிடுச்சு." வெர்னா என் பாத்திரத் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

மதியம் இருவரும் சேர்ந்தே ஃபென்னர் அறைக்குள் போனார்கள்.

"ரகசியம்தாங்க நமக்குப் பாதுகாப்பு" என்றார் அவர்.

"யாருக்குப் பாதுகாப்பு? நான் சுட்டிருந்தா இந்நேரம் இந்த ஆளுக்குச் சவப்பெட்டி பாத்துட்டிருப்பீங்க" என்றாள்.

அந்த வாரமே பட்டியலில் இருந்த ஐந்து பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். அடுத்த கோடையில் ரோவீனாவிடம் ஐவரும் சேர்ந்தே பயிற்சி எடுத்தார்கள். இதெல்லாம் வெர்னா வாதாடி வாங்கியது.

ஆரினும் அவளும் சிநேகிதர்களாகிவிடவில்லை. ஒருமுறை மட்டும் அவன் அலுவலக ஜன்னலில் நின்று, "அன்னிக்கு விசையை எவ்வளவு தூரம் அழுத்தினீங்க?" என்று கேட்டானாம்.

"அழுத்தவே இல்லைன்னு சொன்னேன்" என்றாள் என்னிடம். "நம்பின மாதிரி தலையாட்டிட்டுப் போனான்."

"நிஜமா அழுத்தலையா?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.