பச்சை ஜீப்புக்கு அடியில்

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

மலைமேல் ஏழு இடங்களில் மழை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றைத் துடைத்து, சரிபார்த்து, அளவுகளைக் குறித்துக்கொண்டு வருவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். கருவி காட்டுகிற எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு வருகிற ஆள் இல்லை. ஒரு குவளைத் தண்ணீரை அளந்து ஊற்றி, கருவி ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் நம்புவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிப் பார்த்ததில், புனலுக்குள் குளவி கூடு கட்டியிருப்பது தெரிந்தது. மூன்று மாதம் பெய்த மழையில் பாதி எங்கள் பதிவேட்டுக்கு வந்து சேரவே இல்லை. அன்றைக்குக் கிடைத்த பெயர்தான் அது.

அலுவலக ஜீப் ஓடி ஓடி ஓய்ந்துபோய் ஒருநாள் ஓரங்கட்டப்பட்டது. புது ஜீப் வர இரண்டு வருடம் ஆகும், அதுவரை சொந்த வண்டியில் போனால் எரிபொருள் தருகிறோம் என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு மலை. பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும், அதற்கப்புறம் யானை முதுகு மாதிரி பாறை. மற்ற நாட்களில் கணவரை மருந்துக்கடையில் இறக்கிவிட்டு, நெரிசலில் ஊர்ந்து, அலுவலகத்துக்கு வர வேண்டும். கணவர் அந்த மருந்துக்கடையில்தான் வேலை செய்கிறார். ஊருக்கெல்லாம் வலி மருந்து எடுத்துக் கொடுக்கிற அவருக்குத் தீராத முதுகுவலி. ஆக, பாறையும் ஏற வேண்டும், சந்திலும் திரும்ப வேண்டும், முதுகையும் நோகடிக்கக் கூடாது. அப்படிப்பட்ட பழைய வண்டி ஒன்று வேண்டும்.

“எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போது கூட இவ்வளவு நிபந்தனை போடல” என்றாள்.

“போட்டிருந்தா நான் தேறியிருப்பேனா?” என்றார் கணவர்.

முதலில் பார்த்த வண்டிக்கு லாரிச் சக்கரம் மாதிரி சக்கரம். கணவர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. “ஏணியும் சேத்துத் தருவீங்களா?” என்று விற்கிறவரைக் கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். இரண்டாவது வண்டிக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. இவள் தரைவிரிப்பைப் புரட்டி, மூலையில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் மெல்லிய வண்டல். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்றாவதாகக் கிடைத்தது கணக்கு வாத்தியாரின் பச்சை ஜீப்.

வாத்தியாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் மூடி போட்ட இரண்டு பேனா. நான்கு வருடமாக அந்த ஜீப்பை வைத்திருக்கிறார். எந்த நாள் ஆயில் மாற்றினார், எந்தச் சக்கரத்தில் எப்போது காற்றுப் பிடித்தார், எந்த வருடம் அடியில் துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, இனி நடந்தே போகலாம், அதனால் விற்கிறேன் என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவளும் கணவரும் அதை ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் கடைத்தெரு நெரிசல். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது. அப்புறம் ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி. நான்கு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு மேட்டில் ஏற்றினாள், முனகாமல் ஏறியது. பின்சீட்டில் இருந்த கணவர், “முதுகு இருக்கிறதே தெரியல. இதையே முடிச்சிடு” என்றார். இறங்கிய பிறகு அவள் செய்தித்தாளை விரித்துக் கீழே படுத்து, டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். வெள்ள வண்டல் இல்லை, துரு இல்லை, ஒரே சீராகக் கறுப்பு பெயிண்ட்.

மறுநாள் அலுவலகத்தில் என்னிடம், “மனுஷன் எவ்வளவு நல்லா வெச்சிருக்கார் தெரியுமா” என்றாள். நான் அவளுக்கு எதிர் மேசையில் வரைபடம் போடுகிறவன். பதினொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து எதையும் மெச்சி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

“பட்டறையில ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டு முடிச்சிக்கலாம்னு சொல்லியிருக்கேன்” என்றாள். வாத்தியாரும் தாராளமாகப் பாருங்கள் என்றிருக்கிறார்.

ஞாயிறு காலை அவளையும் கணவரையும் என் காரில் நான்தான் பட்டறைக்கு அழைத்துப் போனேன். பட்டறைக்காரர் அவளோடு பள்ளியில் படித்தவர். எந்த வாக்கியத்தையும் லேசில் முடிக்க மாட்டார். அதனால் ‘அரைவார்த்தை’ என்று பெயர். வாத்தியார் பச்சை ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். கூடவே மகள், ஒன்பது வயது. வாடிக்கையாளர் உட்காரும் அறையில் அவளை உட்கார வைத்துவிட்டு எங்களோடு வந்து நின்றார்.

ஜீப்பை ஆள் உயரத்துக்குத் தூக்கினார்கள். அரைவார்த்தை விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே போனார். இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு நீள இரும்புச் சட்டங்கள் ஓடும். மேலே இருக்கிற எல்லாவற்றையும் சுமப்பது அவைதான். அவர் சின்னச் சுத்தியலால் அந்தச் சட்டத்தை முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கணீர், கணீர், கணீர். முன்சீட்டுக்கு நேர் கீழே வந்ததும் சத்தம் செத்துவிட்டது. திரும்பத் தட்டினார். மறுபக்கச் சட்டத்தைத் தட்டினார். அங்கேயும் அதே இடத்தில் அதே சத்தம்.

பிறகு திருப்புளியை எடுத்துக் கறுப்பு பெயிண்டைச் சுரண்டினார். பெயிண்டுக்குக் கீழே பள்ளம் அடைக்கிற பட்டி. சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்ந்தது. பட்டிக்குக் கீழே, சட்டத்தின் குறுக்கே, புழு ஊர்ந்த மாதிரி ஒரு வெல்டிங் கோடு.

“என்ன அது?” என்றார் வாத்தியார்.

அரைவார்த்தை பின்பக்கம் போய் வேறொரு இடத்தில் சுரண்டினார். பச்சைக்குக் கீழே சிவப்பு வந்தது. முன்பக்கம் வந்து சுரண்டினார். பச்சைக்குக் கீழே பச்சைதான்.

“சார், இது ஒரு வண்டி இல்ல.”

“புரியல.”

“முன்னாடி ஒண்ணு. பின்னாடி ஒண்ணு. எங்கேயோ முன்பக்கம் நசுங்கின வண்டி, எங்கேயோ பின்பக்கம் நசுங்கின வண்டி. நல்ல பாதி ரெண்டையும் வெட்டி…” என்று இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினார்.

கணவர் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். சந்தேகத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் வாத்தியாரை நேராகப் பார்த்து, “தெரிஞ்சேதான் எங்க தலையில கட்ட வந்தீங்களா?” என்று கேட்டாள்.

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. வெல்டிங் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேயறைந்த முகம் என்பார்களே, அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

“நாலு வருஷம்” என்றார். “தினமும் நெடுஞ்சாலை. பசங்க ரெண்டு பேரும் பின்னாடிதான் உட்காருவாங்க.”

அரைவார்த்தை ஒரு மெல்லிய இரும்பு அளவுகோலை எடுத்து வலப்பக்க வெல்டிங்கின் ஓரத்தில் வைத்தார். அது உள்ளே இறங்கியது. விரிசல். உலோகம் பளபளவென்று தெரிந்தது. பழைய விரிசலாக இருந்தால் துருப்பிடித்திருக்கும்.

“புதுசு” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “வெள்ளிக்கிழமை குவாரி மேட்டுல ஏத்தினேன்னு சொன்னியே…” என்றார். மீதியைச் சொல்லவில்லை.

அவள் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தாள். கையில் அழுக்கு எதுவும் இல்லை. கழுவிக்கொண்டே இருந்தாள். கணவர் எழுந்து போய்க் குழாயை மூடினார். “நான்தானே அவர பின்னாடி உட்காரச் சொன்னேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து வாத்தியார் அரைவார்த்தையிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது, வகுப்பில் ஒரு கணக்கை விளக்குகிற நிதானம்.

“சுரண்டின இடத்துல மறுபடி பட்டி வெச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுங்க. எப்படி இருந்ததோ அப்படியே. இன்னொருத்தர் கேட்டிருக்கார். அவர் இதெல்லாம் பாக்கற ஆள் இல்ல.”

நான் என் காதை நம்பவில்லை. காற்றுப் பிடித்ததைக் கூடக் கோடு போட்டு எழுதுகிற மனிதர்.

“சார்” என்றாள் சந்தேகம்.

“என்ன பண்ணச் சொல்றீங்க? என்னை ஏமாத்தினவன் நல்லாத்தானே இருக்கான். நாலு வருஷம் ஒண்ணும் ஆகல. இனிமே மட்டும் ஆகணுமா?”

“நான் அடிக்க மாட்டேன்” என்றார் அரைவார்த்தை. அவர் முழுசாகச் சொல்லி நான் கேட்ட வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

“சரி. வேற இடத்துல அடிச்சிக்கறேன். இறக்குங்க.”

ஜீப் தரைக்கு வந்தது. அவர் சாவியை வாங்கிக்கொண்டு, உட்காரும் அறைப் பக்கம் பார்த்து, “வாம்மா, கிளம்பலாம்” என்றார்.

பெண் ஓடி வந்தாள். எங்களில் யாரையும் பார்க்கவில்லை. நான்கு வருடப் பழக்கம். நேராகப் பின்கதவுக்குப் போனாள், திறந்தாள், ஒரு காலைப் படியில் வைத்தாள்.

“ஏறாதே!”

அந்தச் சத்தத்தில் பட்டறையில் எல்லாக் கைகளும் நின்றன. அடுத்த வண்டிக்குச் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே திரும்பினார். பெண் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக உறைந்து நின்றாள். அப்பா அவளிடம் இப்படிக் கத்தியதே இல்லை போலிருக்கிறது.

“ஏம்ப்பா?”

அவர் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த சாவியைப் பார்த்தார். பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சந்தேகம்தான் போய் அந்தப் பெண்ணை இறக்கிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

ரொம்ப நேரம் கழித்து வாத்தியார் எழுந்தார். சாவியை அரைவார்த்தையிடம் நீட்டினார். “பிரிச்சிடுங்க. யாரும் இதை மறுபடி ஓட்டக் கூடாது.” அப்புறம் சந்தேகத்திடம், “நான் சொன்னதை மனசுல வெச்சிக்காதீங்க” என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அப்பாவையும் மகளையும் நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த வாரம் ஜீப்பை வெட்டினார்கள். அவளும் வாத்தியாரும் சேர்ந்து புகார் எழுதினார்கள். வெட்டுவதற்கு முன் எடுத்த ஒவ்வொரு புகைப்படத்துக்கும் கீழே எத்தனை அங்குலத்தில் வெல்டிங், எவ்வளவு ஆழத்தில் விரிசல் என்று அவள் கையெழுத்தில் இருந்தது. வாத்தியாருக்கு வண்டி விற்ற கடை இருந்த இடத்தில் இப்போது கட்டில், பீரோ விற்கிறார்கள். போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டார்கள், அதற்குமேல் அது நகரவில்லை.

அவள் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். திரும்பி வந்த அன்று, மாடிப்படியில் நின்று என்னிடம், “அந்தப் பெயிண்டைப் பாத்து நான் மெச்சினேன். அவ்வளவு பழைய வண்டிக்கு அடியில ஒரு பொட்டுத் துரு இல்ல. அதுவே எனக்கு உறுத்தியிருக்கணும்” என்றாள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் வண்டி வாங்கினாள். நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி, காய்ந்த இலை நிறம். பார்க்க லட்சணம் கிடையாது. அடியில் பெயிண்டே இல்லை. எங்கே பார்த்தாலும் துரு. அரைவார்த்தை அதை அரை நாள் தூக்கி வைத்துத் தட்டினார்.

“துரு… மேலாகத்தான். ஆனா…”

“ஆனா?” என்றாள்.

“ஒரே இரும்பு.”

கணவர் தன் சீட்டுக்கு இரண்டு தலையணை வைத்துத் தைத்துக்கொண்டார். நெரிசலில் அது தடதடவென்று போகிறது. சந்தில் சொன்னபடி திரும்புகிறது.

முதல்முறை மலைக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன். ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தினாள். “இறங்கிக்கோ” என்றாள். நான் இறங்கினேன். அவள் தனியாக ஓட்டி, தண்ணீரைத் தாண்டி, பாறையில் ஏறி, அந்தப் பக்கம் நிறுத்தினாள். நான் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தேன். நான் ஏறி உட்கார்ந்ததும் அவள் இறங்கி, குனிந்து, வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் எங்கள் அலுவலகத்தில் பலர் அவளோடு மலைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு வருடம் ஆகிவிட்டது. அந்த இடம் வந்ததும் இன்றும் எல்லோரையும் இறக்கிவிட்டு அவள் மட்டும்தான் தாண்டுகிறாள். நாங்களும் இறங்கி, நனைந்துகொண்டு நடக்கிறோம்.