காக்காய்ச் சோறும் அக்காவின் காடும்

விவேக் நகரில் எங்கள் தெருக்கோடியில் குப்பை கொட்டிக் கிடந்த ஒரு மூலையில் அக்கா காடு வளர்த்தாள். காடு என்றால் சிரிப்பார்கள். இரண்டு லாரி நிற்கும் இடம்தான். ஆனால் புங்கை, நாவல், மகிழம் என்று நெருக்கி நட்டு, ஆபீஸிலிருந்து வந்த கையோடு தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் என் தலைக்கு மேல் வளர்த்துவிட்டாள். தெருச் சங்கத்துக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். சங்கச் செயலாளர், கன்னடக்காரர், ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: மழை பிடிக்கும்போது மரங்கள் உயிரோடு நின்றால் இருக்கட்டும், பட்டுப்போனால் கல் பதித்து வண்டி நிறுத்துவோம்.

கோடை தொடங்கியதும் அணில்கள் பட்டையை உரிக்க ஆரம்பித்தன. கூடு கட்ட நார் வேண்டுமே. ஓரிடத்தில் உரித்தால் இளமரம் தாங்கிக்கொள்ளும். தண்டைச் சுற்றி வளையமாக உரித்தால் இலை செய்த சாப்பாடு வேருக்கு இறங்காது. மரம் நின்றபடியே சாகும். அப்படி இரண்டு புங்கைகள் போயின.

நான் உடனே போனை எடுத்து எலிக்கூண்டு தேடினேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பிடிச்சு எங்கடா விடுவே?"

"ஏதாச்சும் பெரிய பார்க்ல."

"அங்க இருக்கிறது மரம் இல்லையா? இதுங்க போனா நாளைக்கு வேற அணில் வரும். இங்க மட்டும் ஏன் இவ்வளவு இருக்குதுன்னு முதல்ல பாருடா, இன்ஜினியரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ டம்ளரோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் மாட்டியது எங்கள் அம்மா. கைப்பிடிச் சுவரில் சோறு வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போனாள். காக்காய் ஒன்று வந்து இரண்டு கொத்து கொத்திவிட்டுப் பறந்தது. பிறகு அணில்கள் வந்தன, பந்திக்கு வருவதுபோல. பக்கத்து வீட்டுச் சுவரிலும் சோறு. அதற்கு அடுத்த வீட்டிலும். வேலைக்காக ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்து குடியேறிய வீடுகள்தான் எங்கள் வரிசை முழுக்க.

"அம்மா, நீ காக்காய்க்கு வைக்கல. அணிலுக்கு மெஸ் நடத்துறே."

"நான் காக்காய்க்குத்தான் வெக்கிறேன். யாரு துன்றாங்கன்னு இன்னா காவலா காக்க முடியும்?"

"காக்கத்தான் சொல்றேன்" என்றாள் அக்கா.

நானாக இருந்தால் சோறு வைக்காதே என்று சொல்லி வீட்டில் சண்டை மூட்டியிருப்பேன். செத்துப்போனவர்களுக்கு வைக்காமல் அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டாள். அக்கா கேட்டது வேறு: ஒரு பிடி வை, காக்காய் தின்னும்வரை நில், மிச்சத்தை எடுத்துவிடு. இதையே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நான் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் வீட்டு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, உன் மரத்துக்காக எங்க மாமனாரு பட்டினி கிடக்கணுமா?"

"இப்பதான்க்கா பட்டினி. அவருக்கு வச்சதை அணில் தின்னுட்டுப் போகுது. நீங்க நின்னாத்தான் அவருக்குப் போய்ச் சேரும்."

அந்த அக்கா இடுப்பில் கை வைத்து முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். மறுநாள் காலையில் அவள் சுவரோரம் நின்று அணிலை "போ, ச்சீ" என்று விரட்டியதைப் பார்த்து எனக்குக் கைதட்டத் தோன்றியது.

தண்டுகளுக்குக் கம்பி வலையைத் தளர்வாகச் சுற்றுவது என் வேலை. விரலெல்லாம் கீறல். அணில் தாவி வர வழியாக மதில்மேல் சாய்ந்திருந்த கிளைகளையும் வெட்டினோம். ஆனால் முதலில் நிலைமை மோசமானது. சோறு கிடைக்காத அணில்கள் வலை சுற்றாத மகிழத்தில் பாய்ந்தன. காலையில் போய்ப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளை வளையம். அக்கா அதைத் தடவிக்கொண்டே நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"வலை மிச்சம் இருக்குதாடா?" என்றாள்.

போகப்போகக் கடி குறைந்தது. அணில்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் கலைந்தன, சில தங்கிவிட்டன. அவற்றையும் விரட்டலாம் என்றேன்.

"எல்லாம் போகணும்னு யாருடா சொன்னா? மரம் தாங்குற அளவுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

முதல் மழை பெய்த வாரம் செயலாளர் கல் பதிக்கும் மேஸ்திரியோடு வந்தார். பட்டுப்போன மரங்களை அக்காவே முதலில் காட்டினாள். ஒன்றிரண்டை மறைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. மற்றவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, அவர் பைக் சாவியால் ஒரு நாவலின் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"சார், அணில் விட்ட வேலையை நீங்க ஆரம்பிக்காதீங்க" என்றாள் அக்கா.

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார்.

"ஆயித்து பிடம்மா, சரி, இருக்கட்டும். கல்லை அந்தப் பக்கம் போட்டுக்கிறோம்."

நான் துள்ளினேன். அக்கா துள்ளவில்லை, மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணா, அந்தப் பக்கம் போடுறப்போ மழைத்தண்ணி இங்க ஓடி வர்ற மாதிரி சரிவு வச்சிடுங்க."

மேஸ்திரி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அக்காவைப் பார்த்தார். "அவங்க சொல்ற மாதிரியே மாடப்பா, செஞ்சிடு" என்றார்.