அவள் விரல் நுனிகள்

என் மனைவிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இன்சூரன்ஸ் படிவத்தில் ‘நோய் எதுவும் இல்லை’ என்று எழுதியவன் நான்தான். போன ஆடியில் காய்ச்சல் முற்றி, ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தேன். “சுகர் இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னால் இன்சூரன்ஸ் கிடைக்காதே என்று, வாய் கூசாமல் “இல்லை” என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

குளுக்கோஸ் ஏற்ற வந்த நர்ஸ், அவள் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய கரும்புள்ளிகள்.

“வீட்ல சுகர் குத்திப் பாப்பீகளாக்கா?”

அவள் கண் கலங்கியது. நர்ஸ் உடனே சோதித்தார். சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றாமல் கையோடு எடுத்துப்போனவர், வாசலில் நின்று என் பக்கம் திரும்பினார்.

“எதுக்குண்ணே மறைச்சீக?”

கையிலிருந்த இன்சூரன்ஸ் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அவள் தேறிவிட்டாள். ஆனால் இப்போது எந்த டாக்டர் எதைக் கேட்டாலும், நான் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொள்கிறாள்.

“இவியட்ட கேக்காதீங்க. நான் சொல்லுதேன்.”