துரையின் ரோஜா நிறக் காற்சட்டை

பினாங்கில் ஒரு சுகாதார அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது, ஓடை அசுத்தமாகிறது என்று புகார் வந்தால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அசுத்தம் செய்பவருக்குக் கடிதம் போகும்: இன்ன நாள், இன்ன மணிக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வருகிறோம். அன்றைக்கு ஓடை கண்ணாடி மாதிரி இருக்கும். புட்டியில் அரக்கு முத்திரை வைத்து, "குறை ஏதுமில்லை" என்று முத்து முத்தான எழுத்தில் எழுதுவேன்.

டோபிகாட்டில் துணி வெளுத்த ஓர் அண்ணனின் புகாருக்கும் மூன்று முறை அப்படித்தான் எழுதினேன். மேலே புதிதாக வந்த சாயப்பட்டறை சிவப்புத் தண்ணீரை ஓடையில் விட, அவர் துவைத்த வேட்டிகளெல்லாம் ரோஜா நிறமாயின. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். இப்படியே போனால் துவைக்கிற கல்லை விட்டுவிட்டு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவப் போக வேண்டியதுதான் என்றார்.

எங்கள் அலுவலகத் தலைவரான வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னேன். அவர் தம் வெள்ளைக் காற்சட்டையைத் தட்டிக் காட்டினார். இதையும் அதே ஆள்தானே துவைக்கிறான், சாயம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாலையில் அதை அண்ணனிடம் கேட்டேன். காற்சட்டையை அவர் சிலுவார் என்பார்.

"துரை சிலுவார ஓடத்தண்ணியில போடுவேனா, கிராணி ஐயா? கெணத்துல எறச்சுத் தனியா அலசுவேன். மரியாத இல்லியா?"

"உங்க மரியாததான் அண்ணே உங்க கேஸக் கெடுத்திருக்கு. இந்த வாரம் எல்லார் துணியோடயும் போடுங்க."

"ஐயோ, அடிப்பாருலா!"

"அடிச்சா அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கு. நான் எழுதுறேன்."

"நீங்க எழுதுவீங்க. முதுகு என்னுதுல்ல?"

பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அவர் மனைவி, "பயந்து பயந்து என்னத்தக் கண்டோம்? போடுங்க," என்றாள்.

திங்கட்கிழமை துரை சலவை மூட்டையோடு என் மேசைக்கே வந்தார். முகமும் காற்சட்டையும் ஒரே நிறம். அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு காற்சட்டையில் சீட்டுக் கட்டி, இடுப்புப் பட்டியில் அரக்கு வைத்து, நான்காம் மாதிரி என்று பதிவு செய்தேன். மாதிரி புட்டியில்தான் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

பட்டறைக்குக் கடிதம் அடிக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் நேரே வண்டி ஏறினார். அவர் போய் இறங்கியபோது பட்டறைக் குழாய் சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரமே குழாயை அடைத்து, பட்டறைக்குள் குழி வெட்டவைத்தார்கள். குழியிலிருந்து சாயம் எங்கே போகிறது என்று கேட்பதற்கு எங்களிடம் ஃபாரம் இல்லை.

வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். துரை மட்டும் வேறு டோபியைப் பார்த்துக்கொண்டார். ஊரே துணி கொடுத்தும், துரை வீட்டு டோபி என்ற பெயர் போய்விட்டதே என்று அண்ணன் என்னோடு பல நாள் பேசவில்லை.